கேப்புக்கும் வயசாகும்

முன்பல்லுக்கு மேல் உறை மாதிரி போட்ட கேப்புக்கு வயசாகிவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது ஈறுதான். பல் வலிக்காது, ஆடாது, சாப்பாட்டுக்கும் குறை இருக்காது. ஈறும் கேப்பும் சேருகிற இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு தெரிய ஆரம்பிக்கும். சிலருக்குக் கோடாக இல்லாமல் ஈறே கொஞ்சம் நீலம் பாரித்துத் தெரியும். எனக்கு மேல்வரிசையில் இடது முன்பல்லில் இந்தக் கோடு பல வருஷமாக இருந்தது. இந்த வருஷத் தொடக்கத்தில் பழைய கேப்பை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எனக்குத் தையல் வேலை. ரவிக்கைதான் அதிகம். தீபாவளி நெருங்கினால் பாவாடை தாவணியும் பஞ்சாபி சூட்டும் சேர்ந்துகொள்ளும். அளவு பார்க்கக் கண்ணாடி முன்னால் நிற்கும் பெண்கள், சிரிப்பு வந்ததும் சட்டென்று கையை வாய்க்குக் கொண்டுபோவதை அடிக்கடி பார்க்கிறேன். எல்லாருக்கும் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையை எடுக்கும்போது சிலருக்கு அதே கோடு. "அக்கா, உங்களுக்கும் இருந்துச்சே, எப்படிப் போச்சு?" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஊக்கு குத்திக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு அழுக்கு இல்லை. "சரியா பல்லு வெளக்க மாட்டியா?" என்று என் பெரியம்மா ஒருவர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே கேட்டிருக்கிறார். பிரஷ்ஷை எடுத்து எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க ஈறு இன்னும் மேலே ஏறிக் கோடு அகலமாகத்தான் தெரியும்.

1997-இல் பட்டர்வொர்த்தில் ஒரு மோட்டார் விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு உதடு கிழிந்து, முன்பல் பாதிக்கு மேல் உடைந்தது. ரூட் கெனால் செய்து, வேருக்குள் போஸ்ட் என்கிற ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதற்கு மேல் கேப் போட்டார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் போட்டது உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட கேப். உள்ளே மெல்லிய உலோகக் கூடு. உலோகத்தின் கருமையை மறைக்க அதன் மேல் ஒளி புகாத ஒரு பூச்சு. அதற்கும் மேலேதான் பல்லின் நிறத்தில் பீங்கான். இந்த முறைக்கு அமெரிக்காவில் 1962-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பேர் வாயில் இது உட்கார்ந்து நன்றாகவே உழைத்திருக்கிறது. கேப் பத்துப் பதினைந்து வருஷம் நின்றாலே நல்லது என்பார்கள். என்னுடையது கால் நூற்றாண்டைத் தாண்டியது. அந்தக் கேப்பின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது.

போட்ட புதிதில் உலோகக் கூட்டின் விளிம்பு ஈறுக்கு அடியில் மறைந்திருக்கும். வருஷங்கள் போகப் போக ஈறு கொஞ்சம் மேலே ஏறும். அழுத்தித் தேய்க்கிற பழக்கம், ஈறு நோய், வயசு என்று எல்லாமே அதற்குக் காரணம். ஈறு ஏறியதும் விளிம்பு வெளியே வந்துவிடும். அதுதான் அந்தக் கோடு. இன்னொரு காரணமும் உண்டு. உயிர்ப்பல்லுக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவி வேர் வரைக்கும் பரவும், அதனால் ஈறு இளஞ்சிவப்பாகத் தெரியும். உலோகக் கேப் வெளிச்சத்தை மறித்துவிடும். ரூட் கெனால் செய்த வேர் வேறு உள்ளே கறுத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஈறே மங்கித் தெரியும்.

அடுத்தது நிறம். பக்கத்துப் பல்லுக்கு வயசாகும், பீங்கானுக்கு ஆகாது. மேலிருக்கும் எனாமல் தேய்ந்து, உள்ளேயிருக்கும் மஞ்சள் பகுதி தடிமனாகித் தெரிய ஆரம்பிக்கும். கோப்பி, தேத்தண்ணி, வெற்றிலை எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கும். 1997-இல் என் பல்லோடு ஒட்டிப்போன கேப், ஐம்பது வயசில் அது மட்டும் தனியாக வெள்ளையாக நின்றது. முனையில் வேறு ஒரு சின்ன பீங்கான் சில்லு பெயர்ந்திருந்தது. எங்கள் தொழிலில் கத்தரிக்கோல் கைக்கு எட்டாதபோது நூலைப் பல்லால்தான் அறுப்போம். டாக்டர் அந்தச் சில்லைப் பார்த்ததுமே, "ஆன்ட்டி, நீங்க தையல் வேலையா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் டாக்டருக்கு முப்பது வயசுதான் இருக்கும். பொறுமை அவரிடம் நிறைய. போனதும் கேப்பைக் கழற்றிவிடவில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்தார். கேப்பின் விளிம்புக்கு அடியில் சொத்தை இருந்தால் வெளியே தெரியாது, வேர் முனையில் சீழ் இருந்தாலும் வலிக்காமல் இருக்கலாம் என்றார். வேர் பழுது என்றால் புதுக் கேப் போட்டும் பிரயோஜனம் இல்லை. எனக்கு வேர் நன்றாக இருந்தது, விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் லேசான சொத்தை ஆரம்பித்திருந்தது. அழகுக்காக என்று போன இடத்தில் மாற்றுவதற்கு ஒரு மருத்துவக் காரணமும் கிடைத்தது.

பிறகு ஈறைச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார். "ஈறுல ரத்தம் வர்ற நிலையில அளவு எடுத்தா விளிம்பு சரியா வராது. ஈறு ஆறட்டும், பிறகு பார்க்கலாம்." அவசரப்படாத மருத்துவரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரே நாளில் முன்பல் எல்லாவற்றையும் வெள்ளையாக்கித் தருகிறோம் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, அழகு நிலையத்திலும் ஹோட்டல் அறையிலும் செய்கிறவர்கள் நம் நாட்டில் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்யலாம். தொழில் நடத்துவதற்கான சான்றிதழை அவர்கள் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கிளினிக் சுவரில் மாட்டியிருப்பார்கள், பாருங்கள். மாட்டியிருக்கவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

எந்தப் பொருளில் புதுசு போடுவது என்ற பேச்சு வந்தது. இப்போது முன்பல்லுக்கு உலோகமே இல்லாத கேப்தான் அதிகம். ஈமேக்ஸ் என்று ஒன்று, கண்ணாடி வகைப் பீங்கான், வெளிச்சம் நன்றாக ஊடுருவும். சிர்க்கோனியா இன்னொன்று, பலம் கூட. ஈமேக்ஸ்தான் அழகு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போயிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயில் என் போஸ்ட்டைக் காட்டினார். உள்ளே இருப்பது உலோகம். வெளிச்சம் ஊடுருவும் கேப்பை அதன் மேல் போட்டால் கருமை அப்படியே வெளியே தெரியும். அப்படியானால் போஸ்ட்டையும் எடுத்துவிடலாமே என்றால், இத்தனை வருஷம் இறுகிப்போனதை இழுத்தால் வேர் பிளக்கலாம். வேர் பிளந்தால் பல்லே போச்சு. ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு, கருமையை மறைக்கிற சிர்க்கோனியா கூடும் அதன் மேல் கையால் அடுக்கிச் சுட்ட பீங்கானும் என்று முடிவானது. உங்கள் பல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் "இந்தப் பொருள்தான் பெஸ்ட்" என்று யாரும் சொல்ல முடியாது.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டுச் சேலைக்கு ரவிக்கைத் துணி பார்க்க வருகிறவர்களை டியூப்லைட்டுக்குக் கீழே முடிவெடுக்க விடமாட்டோம். சேலையையும் துணியையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதைக்குப் போய் வெயில் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வோம். உள்ளே ஒரே நிறமாக இருந்தது வெளியே போனால் இரண்டாகப் பிரிந்துவிடும். பல்லும் அப்படித்தான். மஞ்சள் விளக்கில் ஒட்டிப்போகிற கேப் பகல் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

டாக்டரிடம் நிறம் பார்க்கிற அட்டை ஒன்று இருந்தது. வீட்டா என்ற ஜெர்மன் கம்பெனியின் அட்டை, 16 பல் மாதிரிகள் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும். ஏ என்றால் செம்பழுப்பு சாயல், பி என்றால் மஞ்சள் சாயல், சி சாம்பல், டி செஞ்சாம்பல். ஒவ்வொன்றிலும் எண் கூடக் கூட நிறம் அடர்த்தி. அன்றைக்கு நான் அடர்ந்த ரோஜா நிறச் சேலையில் போயிருந்தேன். அவர் முதலில் சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கழுத்துவரை போர்த்திச் சேலையை மறைத்தார். லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொன்னார். சுற்றிலும் பளிச்சென்ற நிறம் இருந்தால் கண் ஏமாறும். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் நிறம் பார்த்தார். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியுமாம். அப்படிக் காய்ந்த பல்லைப் பார்த்து நிறம் எடுத்தால் கேப் கட்டாயம் வெளிறி வரும்.

"ஜன்னல் பக்கம் வந்து பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "வாங்க ஆன்ட்டி, நானே கூப்பிட இருந்தேன்" என்றார்.

ஒற்றை முன்பல்லைப் பொருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று அவர் சொன்னார். நாலு, ஆறு என்று சேர்த்துச் செய்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், ஒப்பிட ஆள் கிடையாது. ஒன்று மட்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் நிஜப்பல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கேப் செய்கிறவரே நேரில் பார்த்தால் நல்லது என்று என்னை ஜெலுத்தோங்கில் இருக்கும் லேபுக்கு அனுப்பினார்.

கடைவீட்டு மாடியில் சின்ன அறை. அறுபதைத் தாண்டிய சீன அங்கிள் ஒருவர். வடக்குப் பக்க ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார். மலாயில்தான் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளையா வேணுமா, பக்கத்துப் பல்லு மாதிரி வேணுமா?"

பக்கத்துப் பல் மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு தாளில் என் வலது முன்பல்லைப் பெரிதாக வரைய ஆரம்பித்தார். நான் அந்தப் பல்லை ஐம்பது வருஷம் கண்ணாடியில் பார்த்தவள். அவர் பார்த்ததை நான் பார்த்ததே இல்லை. ஈறு ஓரம் தேன் நிறம், அங்கே ஏ3.5 என்று எழுதினார். நடுவில் ஏ3. முனைக்குச் சற்று முன்னால் நிறமே இல்லாத ஒரு பட்டை, கிட்டத்தட்ட சாம்பல், பின்னால் இருக்கும் இருட்டு அதில் தெரிகிறது. இடது மூலையில் கடுகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மேலிருந்து கீழாக மயிரிழைக் கீறல் ஒன்று, அதில் கோப்பிக் கறை. இத்தனையையும் குறித்துக்கொண்டு, நிற மாதிரியைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தார். பேசும்போது பல் காயக்கூடாது என்று நடுநடுவே உதட்டை மூடச் சொன்னார். "கீறலையும் போடட்டுமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். ஒரு முழம் துணியைத் தடவிப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்கிற பெரியவர்கள் கடைத்தெருவில் இருந்தார்கள். அந்தக் கண்ணும் கையும் உள்ள ஒருவரை அன்றைக்குத்தான் பல் விஷயத்தில் பார்த்தேன். மரியாதையாக இருந்தது.

பழைய கேப்பை எடுத்தது பெரிய கதை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு வெட்டி, சின்ன நெம்புகோல் வைத்துத் திருப்பினார். பீங்கானை வெட்டும்போது ஒரு சத்தம், உலோகத்துக்கு வந்ததும் கீச்சென்று வேறு சத்தம். இரண்டு துண்டாக வந்தது. பிறகு ஈறைக் கொஞ்சம் விலக்குவதற்காகப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய நூலை உள்ளே தள்ளி அளவு எடுத்தார். நூல் வேலை என்பதால் அதைக் கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பின்னல் நூல், நல்ல நேர்த்தி.

புதுசு வரும்வரைக்கும் தற்காலிகக் கேப். அது பிளாஸ்டிக் வகை, மஞ்சள் பிடிக்கும். இதை நம்மவர்களுக்கு யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்குத் தைப்பூசச் சமயம். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிற நாளில் எங்கள் தெருவே தெருவாக இருக்காது. தண்ணீர்ப் பந்தலில் சாம்பாரும் எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பல் இளமஞ்சள். பயப்பட ஒன்றும் இல்லை, அது எப்படியும் கழற்றப் போவதுதான். ஆனால் அந்த நாட்களில் கல்யாணமோ குடும்பப் படமோ இருந்தால் தேதியை யோசித்து வையுங்கள். முறுக்கு, கரும்பு, தேங்காய்ச் சில்லு பக்கம் போகவே கூடாது.

புதுக் கேப் வந்ததும் டாக்டர் நேராக ஒட்டிவிடவில்லை. கழுவினால் போய்விடுகிற ஒரு பசையை உள்ளே தடவிப் பொருத்திக் காட்டினார். அசல் சிமெண்ட் போட்ட பிறகு மனசு மாறினால் மறுபடி வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே திருப்தி இல்லையென்றால் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். கைக்கண்ணாடியோடு கிளினிக் வாசலுக்கே போய்விட்டேன். கூட வந்த மகள், "அம்மா, கண்ணாடிய பாக்காதீங்க, என்னைப் பாத்துப் பேசுங்க" என்றாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்திலும் வந்து பார்த்தாள். "ஈறுகிட்ட மட்டும் லேசா வெளுப்பா இருக்கும்மா." எனக்கும் அதுதான் தோன்றியது. தயங்காமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை, படம் எடுத்து அங்கிளுக்கு அனுப்பினார். மேலே சாயம் ஏற்றி மறுபடி சூளையில் வைத்துத் தந்தார்கள். திரும்பி வந்ததை வாசலில் வைத்துப் பார்த்தபோது எது பல், எது கேப் என்று மகள் ஒரு கணம் தடுமாறினாள். கீறல் இருக்கிறது. வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது.

முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால், கோடு போய்விட்டது. ஈறில் இருந்த மங்கல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. வேர் கறுத்திருப்பதால் அது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மொத்தம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. எங்கள் வருமானத்தில் அது பெரிய பணம். அவ்வளவு முடியாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்குப் பக்கம் கெடா பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மருத்துவர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் அதிகமாகும்.

கல்யாணப் பெண்கள் என்னிடம் கேட்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல்லை வெளுக்கும் மருந்து நிஜப்பல்லில்தான் வேலை செய்யும், கேப்பை அது தொடாது. ஏற்கெனவே கேப் இருக்கும்போது மற்றப் பற்களை வெளுத்தால் கேப் மட்டும் மஞ்சளாக நிற்கும். வெளுக்கிற எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, நிறம் நிலைக்க இரண்டு வாரமாவது விட்டு, பிறகு கேப்புக்கு நிறம் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்.

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அக்காவுக்கும் இதே பழைய வகைக் கேப், இதே கறுப்புக் கோடு. என் பல்லைப் பார்த்துவிட்டுத் தானும் மாற்ற வேண்டும் என்று கிளம்பி வந்தார். டாக்டர் அவரைப் பேசச் சொன்னார், நன்றாகச் சிரிக்கச் சொன்னார். அக்காவுக்கு மேலுதடு இறங்கியது, வாய்விட்டுச் சிரித்தாலும் ஈறு வெளியே தெரியாது. எக்ஸ்ரேயில் சொத்தையும் இல்லை. கழற்றுவதற்காக வெட்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் பல்லும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும், ஆகவே இப்போதைக்குத் தொட வேண்டாம், வருஷம் ஒருமுறை வந்து விளிம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு முதலில் ஏமாற்றம். சேர்த்து வைத்திருந்த பணத்தில் இப்போது கீழே கடைவாயில் ரொம்ப நாளாக ஒத்திப்போட்ட ரூட் கெனாலைச் செய்துகொண்டிருக்கிறார்.